குணத்துக்குப் பெயரிடுவதும் அதை விளக்குவதும்

மதிப்பிற்குரிய ஐயா,

வேலைக்கு விண்ணப்பித்த என் மகன் ஆளுமைத் தேர்வு ஒன்றை எழுதினான். 'புறமுகத்தன்மை குறைவு' என்று முடிவு வந்தது. அவன் கூட்டங்களில் பேசாததற்கு அதுவே காரணம் என்கிறார்கள். பேசாததால் அகமுகி, அகமுகியானதால் பேசவில்லை என்பது வட்டமடிப்பதாக இல்லையா? உளவியலாளர்கள் இதை எப்படி விளக்கமாகக் கொள்கிறார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கண்ட வட்டம் உண்மையானது. உளவியலுக்குள்ளேயே அதைப் பற்றி நெடுங்காலம் விவாதம் நடந்திருக்கிறது. பண்புக்கூறுகளை, அதாவது ஒருவரிடம் நிலைத்திருக்கும் குணங்களை, தேடிய ஆய்வு பெரும்பாலும் அகராதியிலிருந்தே தொடங்கியது. 1936இல் அமெரிக்க உளவியலாளர்களான கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும், மனிதரை மனிதரிடமிருந்து வேறுபடுத்தும் 17,953 ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து, அவற்றுள் நிலைத்த குணங்களைக் குறிப்பவை என ஏறத்தாழ 4,500 சொற்களைப் பிரித்தெடுத்தார்கள். பின்வந்தவர்கள், ஒன்று கூடினால் மற்றொன்றும் கூடுகின்ற குணங்களைப் புள்ளியியல் முறையால் தொகுத்தபோது, உளவியலாளர் ரேமண்ட் கேட்டலுக்குப் பதினாறு காரணிகளும் (சேர்ந்து வரும் குணங்களின் தொகுதிகளும்), மற்றவர்களுக்கு ஐந்தும் கிடைத்தன. ஆகவே புறமுகத்தன்மை என்பது முதலில் ஒரு சுருக்கப் பெயர்: கலகலப்பும் பேச்சார்வமும் முன்வந்து செயல்படும் துணிவும் பலரிடம் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதே அதன் பொருள். அந்தப் பெயரையே காரணமாகச் சொல்லும்போதுதான் வட்டம் உருவாகிறது. (ஆல்போர்ட்டோ, பண்புக்கூறுகள் மனிதனுக்குள் மெய்யாகவே இருந்து அவனை இயக்குபவை என்று நம்பினார்.)

அதற்காக அவற்றைப் பயனற்றவை என்று நான் ஒதுக்கமாட்டேன். 1968இல் உளவியலாளர் வால்டர் மிஷெல், பண்பு மதிப்பெண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட சூழலில் ஒருவர் நடந்துகொள்ளும் விதத்துக்கும் இடையிலான ஒட்டுறவு (தொடர்பே இல்லையென்றால் 0, முழுமையாக இருந்தால் 1 எனும் அளவு) 0.30ஐ அரிதாகவே தாண்டுகிறது என்று காட்டியபோது இத்துறையே ஆட்டம் கண்டது. அதற்குச் சிறந்த விடையை 1979இல் உளவியலாளர் சீமோர் எப்ஸ்டைன் அளித்தார்: ஒரு நாளின் நடத்தையைக் கணிப்பது கடினம், ஆனால் பல நாட்களின் சராசரியை எடுத்தால் மனிதர்களிடையே உள்ள வேறுபாடு வியக்கத்தக்க அளவு நிலையாக இருக்கிறது. இரட்டையர் ஆய்வுகள் அவ்வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபுவழிப்பட்டது என்று காட்டுகின்றன. எனவே பெயருக்குப் பின்னால் தேடவேண்டிய காரணங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் அந்தப் பாதி, மக்கள்தொகையில் காணப்படும் வேறுபாட்டைப் பற்றியது. உங்கள் மகனின் குணத்தில் பாதி மரபுவழி வந்தது என்பது அதன் பொருள் அன்று.

ஆகவே, பல மாதங்களைச் சேர்த்துப் பார்த்தால் பிறரைவிடக் குறைவாகப் பேசக்கூடியவர் என்று அந்த மதிப்பெண் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஒரு கூட்டத்தில் அவர் ஏன் பேசவில்லை என்பதற்கு அதைக் காரணமாகக் காட்டினால் மறுத்துவிடுங்கள். அங்கே மேலதிகாரி யார், பேசப்பட்டது அவருக்குத் தெரிந்த பொருளா, முன்பு பேசியபோது யாரேனும் இடைமறித்தார்களா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.