ஹூக்ளி ஆற்றில் ஆழம் பார்த்தவர்

கேள்வி: மாணவர்களுக்கான பொது அறிவுப் புத்தகத்தில், 'இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தளபதி ஆர்.டி. கட்டாரி. பிறந்த ஊர் செங்கல்பட்டு' என்று ஒரே ஒரு வரி இருந்தது. கொளவாய் ஏரிக்கரை ஊரில் பிறந்தவர் கடற்படைக்கே தலைவரானது எப்படி என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். – ஆசிரியை, செங்கல்பட்டு

பதில்: பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள் அம்மா. கடற்படையில் மாலுமியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பெயரை யாராவது கேட்டாலே எனக்கு மனம் நிறைந்துவிடும்.

ராம் தாஸ் கட்டாரி 1911 அக்டோபர் 8 அன்று செங்கல்பட்டில் பிறந்தார். 1927-ல் பம்பாயில் 'டஃபரின்' என்ற பயிற்சிக் கப்பல் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் அணியில் சேர்ந்தார். அது போர்க்கப்பலுக்கான பள்ளி அல்ல. வணிகக் கப்பல்களுக்கு அதிகாரிகளை உருவாக்கிய இடம். அங்கிருந்து வெளிவந்தவர், கல்கத்தா துறைமுகத்தின் ஆற்று அளவைப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். ஆம், கடற்படைக்குத் தலைவராகப் போகிறவர் ஆற்றைத்தான் அளந்துகொண்டிருந்தார்!

கல்கத்தா துறைமுகம் இருக்கும் ஹூக்ளி ஆற்றைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று மணல்திட்டு இருக்கும். 'ஜேம்ஸ் அண்ட் மேரி' என்றொரு திட்டு. 1694-ல் அங்கே மூழ்கிய கப்பலின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அந்த ஆற்றில் ஆழத்தைத் தப்பாகக் குறித்தால், பின்னால் வரும் கப்பல் தரைதட்டும்.

ஆழம் பார்க்கும் கயிற்றை நானும் பயிற்சிக் காலத்தில் கையாண்டிருக்கிறேன். கயிற்றின் நுனியில் ஈயக்குண்டு. இரண்டு பாகத்தில் இரண்டு தோல்வார், மூன்றில் மூன்று, ஐந்தில் வெள்ளைத் துணி, ஏழில் சிவப்புத் துணி, பத்தில் துளையிட்ட தோல். (பாகம் என்பது ஆறடி, நம் மீனவர்கள் சொல்லும் அதே பாகம்தான்.) ஒவ்வொரு துணியும் வேறு வேறு நெசவு. இருட்டில் நிறம் தெரியாது. கையாலோ உதட்டாலோ தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். குண்டின் அடியில் உள்ள குழியில் கொழுப்பை அப்பி இறக்குவோம். மேலே இழுத்தால் அதில் மணலா, சேறா, சிப்பியா என்று ஒட்டிக்கொண்டு வரும். முதல் முறை என் கொழுப்பில் கருஞ்சேறு ஒட்டி வந்தபோது, கண்ணுக்குத் தெரியாத தரையைத் தொட்டுவிட்ட மகிழ்ச்சி எனக்கு. ஆண்டுக்கணக்கில் ஆற்றின் அடியைப் படித்த மனிதரை அன்றிலிருந்து எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் கட்டாரி கடற்படையின் ரிசர்வ் பிரிவில் சேர்ந்தார்; நீர்மூழ்கிகளை எதிர்க்கும் கலையில் தேர்ந்தார். 1956 அக்டோபர் 2-ல், இந்தியப் போர்க்கப்பல் அணிக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் ஆனார். 1958 ஏப்ரல் 22-ல் கடற்படைத் தளபதி. அப்போது அவருக்கு வயது 46. 1962 ஜூனில் ஓய்வு பெற்று, பிறகு பர்மாவில் நம் தூதராக இருந்தார். 1983-ல் மறைந்தார்.

கேள்வி: என் மகன் கடற்படையில் கேப்டன். உறவினர்கள், 'இத்தனை வருடம் ஆகியும் கேப்டன்தானா?' என்று கேட்கிறார்கள். – ஒரு தந்தை, தூத்துக்குடி

பதில்: அவர்கள் ராணுவக் கேப்டனை நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள் ஐயா. கடற்படைக் கேப்டன் ராணுவத்தின் கர்னலுக்குச் சமம். சப் லெப்டினன்ட், லெப்டினன்ட், லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர் என்று நான்கு படி ஏறித்தான் அங்கே வர முடியும். அதற்கு மேல் கமடோர், ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல், அட்மிரல். தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

கேள்வி: ராணுவத்துக்கு 1949-லேயே இந்தியத் தளபதியாகக் கரியப்பா வந்துவிட்டார். விமானப் படைக்கு 1954-ல் சுப்ரதோ முகர்ஜி. கடற்படை மட்டும் ஏன் 1958 வரை ஆங்கிலேயரிடமே இருந்தது? – கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இந்தியர்களுக்குத் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே தம்பி. கதவைத் தாமதமாகத் திறந்ததுதான் காரணம். அந்தப் படையில் ஓர் இந்தியர் முதன்முதலாக அதிகாரியானதே 1928-ல். சுதந்திரம் வந்தபோது மூத்த இந்திய அதிகாரிகளுக்கே இருபது ஆண்டு சேவை நிறையவில்லை. பெரிய கப்பல்களை நடத்தும் வாய்ப்பும் தரப்படவில்லை. ஹால், பாரி, பிஸி, கார்லில் என்று நான்கு ஆங்கிலேயர்கள் அடுத்தடுத்துத் தலைமை வகித்தார்கள். அவர்களில் பாரி, 1939-ல் ஜெர்மனியின் 'கிராஃப் ஸ்பீ' போர்க்கப்பலை எதிர்த்துப் போரிட்ட 'அகிலீஸ்' கப்பலின் கேப்டன். அதே கப்பல்தான் 1948-ல் நம்மிடம் 'டெல்லி' என்ற பெயரில் வந்தது. அவர்களிடம் நம்மவர்கள் கற்றுக்கொண்டதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் கட்டாரி காலத்தில் நடந்ததையும் பார். 1961 மார்ச் 4-ல் பெல்ஃபாஸ்டில் விமானம் தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்' நம் படையில் சேர்ந்தது. அந்த டிசம்பரிலேயே போர்ச்சுகீசியரிடமிருந்து கோவாவை மீட்ட போர். மர்மகோவா துறைமுகத்தில் நம் போர்க்கப்பல்கள் 'பேட்வா', 'பியாஸ்' இரண்டும் போர்ச்சுகீசியரின் 'அல்புகர்க்' கப்பலைச் செயலிழக்கச் செய்தன. கோவாவுக்குத் தெற்கே உள்ள அஞ்சதீவு என்ற சிறு தீவில் இறங்கிய நம் மாலுமிகளில் ஏழு பேர் திரும்பவில்லை. கோவா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்கள்தான்.