குழுவில் எல்லோரும் ஒருவர் மீது குற்றம் சொல்லும்போது, சொந்தமாக யோசித்து முடிவெடுப்பது எப்படி?

எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதை விடுங்கள். அதில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று விசாரியுங்கள். என் வழி இவ்வளவுதான்.

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் வீட்டுக்கு வீடு பணம் பிரித்து, கீழே ஒன்றாகப் பொங்கல் வைப்போம். ஒரு வருஷம் விழா முடிந்த கையோடு, பொருளாளர் 1,800 வெள்ளி (ரிங்கிட்) பணத்தைச் சாப்பிட்டுவிட்டார் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. கூடவே வங்கிக் கணக்கு அறிக்கையின் படம் ஒன்று. பணம் எடுத்த வரி மட்டும் தெரிகிற மாதிரி மேலேயும் கீழேயும் வெட்டியிருந்தார்கள். மதியத்துக்குள் "எனக்கு அப்பவே தெரியும்", "புது மோட்டார் வாங்கினப்பவே நினைச்சேன்" என்று குழு நிரம்பிவிட்டது. அந்த மோட்டார் தவணையில் எடுத்தது என்பது எங்கள் மாடியில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அதிகம் எழுதியவர்களுக்குத் தனித்தனியாகப் போன் போட்டு, "உங்களுக்கு யாருண்ணே சொன்னது?" என்று கேட்டேன். ஒருவர் இன்னொருவரைக் காட்டினார், அவர் மூன்றாம் மாடி அக்காவைக் காட்டினார். அக்காவோ, "குரூப்லதான் போட்டிருந்தாங்களே, தம்பி" என்றார். ஊரே சொல்கிறது என்றது கடைசியில் ஒரே ஒரு வெட்டின படம்! அப்புறம்தான் குழுவில் எழுதினேன்: "முழு அறிக்கையையும் போட முடியுமா?" உடனே வேறு சிலரும் "ஆமா, முழுசா போடுங்க" என்றார்கள். அதுவரை அவர்கள் வாயே திறக்கவில்லை.

பணம் பந்தலுக்கும் நாற்காலி வாடகைக்கும் ரொக்கமாகப் போயிருந்தது. பந்தல்காரரிடம் ரசீது புத்தகத்தின் அடிக்கட்டை இருந்தது. நாற்காலிக்கு ரசீதே வாங்கவில்லை; கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் உறுதி செய்தோம். ஆக, திருட்டு இல்லை. ஆனால் கணக்கு எழுதின லட்சணம் மோசம்தான். அடுத்த கூட்டத்தில் அதற்காக அவரை நன்றாகவே கேட்டார்கள், கேட்கவும் வேண்டும்.

நம் மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், பிரிவு 60 சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம் என்றால், பார்த்தவரே வந்து சொல்ல வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, அது வக்கீல்கள் பாடு.

சும்மா இருந்தவர்கள் அப்புறம் ஏன் பேசினார்கள் என்பதற்கு 1950களில் அமெரிக்காவில் உளவியலாளர் சாலமன் ஆஷ் செய்த சோதனையில் பதில் இருக்கிறது. மூன்று கோடுகளில் எது கொடுத்த கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும், குழந்தைக்கும் தெரியும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள், வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார்கள். அந்த ஒருவர் இடத்தில் உட்கார்ந்தவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். கூட ஒரே ஓர் ஆள் சரியாகச் சொன்னால் போதும், அந்தத் தடுமாற்றம் நாலில் ஒரு பங்காக இறங்கியது.

இன்னொன்று. தனியாக யோசிப்பது என்றால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்காலத்து வாங்குவது இல்லை. எல்லோரும் திட்டுகிறார்கள், அதனால் அவர் நல்லவர் என்பதும் கூட்டத்தைப் பார்த்து எடுத்த முடிவுதான். ஒரு பெண் தனக்கு நடந்த தொல்லையைச் சொன்னால், "சாட்சி எங்கே?" என்று குழுவில் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். அங்கே பார்த்தவரே அவர்தான். அதை விசாரிக்கப் போலீஸ் இருக்கிறது, 2022ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தனித் தீர்ப்பாயமும் இருக்கிறது.

கேள்வி கேட்டால் நமக்கும் ஏச்சு விழும், அதற்குத் தயாராக இருங்கள். "உனக்கும் பங்கு உண்டா?" என்று என்னிடமும் கேட்டார்கள். "நானும் அம்பது வெள்ளி கொடுத்திருக்கேன்ணே, அதான் கேக்குறேன்" என்றேன்.