மேக், லினக்ஸ், குரோம்புக்: ஆன்டிவைரஸ் பற்றி வாசகர் கேள்விகள்

விண்டோஸ் அல்லாத கணினிகளுக்கு ஆன்டிவைரஸ் வேண்டுமா என்று கேட்டு இந்த முறை நிறையக் கடிதங்கள். பலர் கேட்டது ஒரே கேள்விதான் என்பதால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மேக்கில் வைரஸே வராது என்கிறார் நண்பர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். வீட்டுக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ்களில் ஒன்றான எல்க் க்ளோனர் 1982-இல் பிடித்தது ஆப்பிள் 2 கணினியைத்தான். அப்போது விண்டோஸே கிடையாது. அவ்வளவு பின்னால் போகவும் வேண்டாம். 2012-இல் ஃபிளாஷ்பேக் என்ற வைரஸ் சுமார் 6 லட்சம் மேக்குகளில் புகுந்தது. காரணம் ஜாவாவில் இருந்த ஓட்டை. ஜாவாவைத் தரும் ஆரக்கிள் நிறுவனம் அதை பிப்ரவரியிலேயே அடைத்துவிட்டது. மேக்குக்கான திருத்தத்தை ஆப்பிள் கொடுத்தது ஏப்ரலில். இடைப்பட்ட நாட்களில், தாக்குதலுக்கு ஆளான ஒரு தளத்தைத் திறந்ததுமே வைரஸ் உள்ளே வந்துவிட்டது. பாஸ்வேர்டு தராதவர்களும் மாட்டினார்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் நான் எழுதுவது இதனால்தான்.

கேள்வி: அப்படியானால் மேக்குக்குக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா?

பதில்: வீட்டு உபயோகத்துக்கு வேண்டாம். 2009-இலிருந்து தெரிந்த வைரஸ்களை அடையாளம் காணும் எக்ஸ்புரொடெக்ட், 2012-இலிருந்து நம்பகமில்லாத ஆப்களைத் தடுக்கும் கேட்கீப்பர், 2015-இலிருந்து சிஸ்டம் கோப்புகளுக்குத் தனிப் பூட்டு என்று தேவையானவை மேக்கிலேயே இருக்கின்றன. அவற்றை அணைக்காமல் இருந்தாலே போதும். ஏதோ ஒரு ஆப் ஓட மறுக்கிறது என்று அணைப்பவர்கள்தான் பிறகு எனக்கு எழுதுகிறார்கள். அலுவலகம் கட்டாயம் போடச் சொன்னால் போடுங்கள், அது அவர்கள் பொறுப்பு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஆன்டிவைரஸும் ஒரு மென்பொருள்தான், அதுவும் கணினியின் உச்ச அதிகாரத்தோடு ஓடுவது. மேக்குக்கான ஒரு ஆன்டிவைரஸில் இருந்த ஓட்டை வழியாகவே, இணைய இணைப்பின் நடுவே உட்கார்ந்திருப்பவர் மொத்தக் கணினியையும் கைப்பற்ற முடியும் என்று 2017-இல் வெளியே வந்தது.

கேள்வி: என் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: எந்தக் கணினி? எந்த சிஸ்டம், எந்த வெர்ஷன்? வைரஸ் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இவற்றில் ஒன்றுகூட இல்லாத கடிதத்துக்கு யாராலும் பதில் தர முடியாது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: உபுண்டு லினக்ஸ் வைத்திருக்கிறேன். கிளாம்ஏவி என்ற இலவச ஆன்டிவைரஸ் போட வேண்டுமா?

பதில்: உங்கள் ஒருவருக்கான லேப்டாப் என்றால் தேவையில்லை. கிளாம்ஏவி தேடுவது பெரும்பாலும் விண்டோஸ் வைரஸ்களை. மெயில் சர்வர் நடத்துகிறவருக்கும், பலர் கோப்பு போட்டு எடுக்கும் கணினியை நிர்வகிப்பவருக்கும் அது நல்ல கருவி. விண்டோஸ் நண்பர்களுக்கு வாரம் முழுக்கக் கோப்பு அனுப்புகிறவர் என்றாலும் வைத்துக்கொள்ளலாம். மற்றபடி மென்பொருளை உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

கேள்வி: லினக்ஸ் ஓப்பன் சோர்ஸ். ஆயிரம் பேர் பார்க்கும் கோடில் எதையும் ஒளிக்க முடியாதே?

பதில்: முடிந்தது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் 2024-இல் பின்கதவு, அதாவது வெளியாள் ரகசியமாக நுழையும் வழி, இருந்தது. வைத்தவர் முன்பின் தெரியாதவர் அல்ல. சுமார் இரண்டு வருடம் ஒழுங்காக வேலை செய்து, நம்பிக்கை பெற்று, பராமரிப்பாளர் ஆனவர். அதைப் பிடித்தது எந்த ஆன்டிவைரஸும் இல்லை. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று விடாமல் தோண்டினார். முக்கிய டிஸ்ட்ரோக்களின் (உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளின்) நிலையான பதிப்புகளுக்குள் போகும் முன் அகப்பட்டது நம் நல்ல காலம்.

கேள்வி: குரோம்புக்குக்கு?

பதில்: வேண்டாம். ப்ரௌசர் எக்ஸ்டென்ஷன்களைப் பாருங்கள். எதற்குப் போட்டோம் என்று ஞாபகம் இல்லாததை எல்லாம் நீக்குங்கள்.

கேள்வி: மேக்கில் ஒரு தளத்தைத் திறந்தேன். ‘நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்ய’ கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து, ஒரு வரியை பேஸ்ட் செய்து என்டர் தட்டச் சொன்னது. செய்தேன். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. பயப்பட வேண்டியதில்லையே?

பதில்: நடந்துவிட்டது. இந்த மாதிரிக் கடிதம் எனக்கு அடிக்கடி வருகிறது. ஒவ்வொன்றையும் படிக்கும்போது கோபமும் வருத்தமும் சேர்ந்து வருகின்றன. நீங்கள் மனிதரா என்று தெரிந்துகொள்ள உங்கள் டெர்மினலில் எந்தத் தளத்துக்கும் வேலை இல்லை. எந்தத் தளத்துக்கும்!

நீங்கள் பேஸ்ட் செய்த வரியைத் திரும்பப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான குப்பை மாதிரி இருக்கும். அதைப் பிரித்தால் உள்ளே ஒரு முகவரி இருக்கும். அங்கிருந்து ஒரு நிரலை இறக்கி உடனே ஓட்டு என்பதுதான் அந்தக் கட்டளை. ப்ரௌசரில் டவுன்லோட் செய்யும் கோப்புக்கு மேக் ஒரு அடையாளம் ஒட்டும். அதைப் பார்த்துத்தான் கேட்கீப்பர் தடுக்கும். டெர்மினல் கட்டளையில் இப்படி இறங்கும் கோப்புக்கு அந்த அடையாளம் கிடையாது. அதற்காகவே உங்களை டெர்மினலுக்கு அழைத்துப்போகிறார்கள். அடுத்து வந்த பாஸ்வேர்டு பெட்டியும் பெரும்பாலும் அந்த நிரல் வரைந்த போலிப் பெட்டிதான்.

2023-இலிருந்து சுற்றிவரும் ஆட்டமிக் ஸ்டீலர் போன்றவை இந்த வகை. மேக்கின் பாஸ்வேர்டு பெட்டகமான கீசெயினில் இருப்பது, ப்ரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குக்கீகள், கிரிப்டோ வாலட் எல்லாவற்றையும் அள்ளி, ஒரே கோப்பாகக் கட்டி அனுப்பிவிடும். சில நிமிட வேலை. குக்கீ போய்விட்டால் இரண்டடுக்குப் பாதுகாப்பும் பயன்படாது, ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்துவிட்டதற்கான அத்தாட்சியே அதுதான்.

இப்போதே நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு கணினியிலிருந்து மெயிலின் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், பிறகு வங்கி, பிறகு மற்றவை. ஒவ்வொன்றிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை மறக்காமல் அழுத்துங்கள். கிரிப்டோ இருந்தால் புது வாலட்டுக்கு நகர்த்துங்கள். மேக்கை முழுதாக அழித்து மறுபடி நிறுவுங்கள். பேக்கப்பிலிருந்து உங்கள் ஆவணங்களை மட்டும் எடுங்கள், ஆப்களை எடுக்காதீர்கள். இனி பாஸ்வேர்டு பெட்டி வந்தால் கையை எடுத்துவிட்டு, யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். பதில் தெரியாவிட்டால் கேன்சல்.

கேள்வி: ப்ரௌசரில் ‘உங்கள் மேக்கில் 3 வைரஸ்கள்’ என்று சிவப்பாக வருகிறது.

பதில்: அது விளம்பரம். டேபை மூடுங்கள், அந்தத் தளத்துக்குக் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதியை ரத்து செய்யுங்கள். அதில் வரும் ‘கிளீனர்’ எதையும் இறக்காதீர்கள்.

கேள்வி: லினக்ஸில் வைன் வழியாக விண்டோஸ் நிரல் ஓட்டுகிறேன். ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. வைன் உங்கள் லினக்ஸ் கோப்புகளை இசட் டிரைவாகக் காட்டுகிறது. நீங்கள் எழுதக்கூடிய எந்தக் கோப்பையும் அந்த நிரலும் மாற்றலாம், அழிக்கலாம். கிராக் செய்த நிரலை வைனில் ஓட்டாதீர்கள்.

கேள்வி: டைம் மெஷின் (மேக்கின் பேக்கப் வசதி) டிரைவை எப்போதும் மேக்கோடு இணைத்தே வைக்கலாமா?

பதில்: ஒரு டிரைவ் இணைந்திருக்கட்டும், இன்னொன்று கழற்றிய நிலையில் அலமாரியில் இருக்கட்டும். 2016-இல் டிரான்ஸ்மிஷன் என்ற டோரன்ட் நிரலின் சொந்தத் தளத்திலேயே கீரேஞ்சர் என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரைக் கலந்துவிட்டார்கள். முறையான டெவலப்பர் சான்றிதழோடு வந்ததால் கேட்கீப்பரும் தடுக்கவில்லை. மூன்று நாள் சும்மா இருந்துவிட்டுக் கோப்புகளைப் பூட்டியது. டைம் மெஷின் பேக்கப்பையும் பூட்டுவதற்கான பகுதி, முடிக்கப்படாத நிலையில், அதற்குள் இருந்தது.

கேள்வி: என் பழைய மேக்குக்கு அப்டேட் வருவது நின்றுவிட்டது. ஆன்டிவைரஸ் போட்டால் இன்னும் சில வருடம் ஓட்டலாமா?

பதில்: ஓட்டைகளை அடைக்காத சிஸ்டத்தின் மேல் எதைப் போட்டாலும் ஓட்டை ஓட்டைதான். வன்பொருள் நன்றாக இருந்தால் லினக்ஸ் போடுங்கள், இன்னும் பல வருடம் உழைக்கும். லினக்ஸை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை இறக்கியதும் அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபாருங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்தையே ஹேக் செய்து, டவுன்லோட் இணைப்பைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தை மாற்ற முடிந்தவரால் அதே பக்கத்தில் இருக்கும் செக்சம்மையும் (கோப்பு மாறவில்லை என்று ஒப்பிட்டுப் பார்க்கும் குறியீடு) மாற்ற முடியும். அதனால் செக்சம்மை மட்டும் ஒப்பிட்டு விட்டுவிடாமல், கையொப்பத்தையும் பார்த்துவிட்டு நிறுவுங்கள். எப்படிப் பார்ப்பது என்று ஒவ்வொரு டிஸ்ட்ரோவின் நிறுவல் வழிகாட்டியிலும் இருக்கிறது. பத்து நிமிடம்கூட ஆகாது.