கொள்முதல் ஒப்புதல் 12 நாள் இழுப்பது பற்றி

கொள்முதல் ஒப்புதலுக்கு 12 நாள் ஆகிறது, 70 பெட்டிகளோடு பிபிஎம்என் வரைபடம் (வேலையின் படிகளைப் பெட்டிகளாகவும் அம்புகளாகவும் காட்டும் படம்) போட்டும் தாமதம் எங்கே என்று பிடிபடவில்லை என்கிறீர்கள். வரைபடத்தில் தப்பில்லை, வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்பதைத்தான் அது காட்டும். கோரிக்கை எந்த மேசையில் எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறது என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும். சமீபத்தில் முடிந்த 20 கோரிக்கைகளை எடுத்து, ஒவ்வொருவரிடமும் வந்த நேரம், கையில் எடுத்த நேரம், அனுப்பிய நேரம் மூன்றையும் குறியுங்கள். பெரும்பாலும் பார்த்து ஒப்புதல் தர ஐந்து நிமிடம்தான் ஆகும், காத்திருப்புதான் நாள்கணக்கில் ஓடும்.

அப்புறம், ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த லிட்டில் விதி உங்களுக்கு நேரடியாக உதவும்: நிலுவையில் உள்ள எண்ணிக்கையை நாளுக்கு முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு கோரிக்கைக்குச் சராசரியாக ஆகும் நாள் கிடைக்கும். நிலுவையில் 60 கோரிக்கை இருந்து நாளுக்கு 5 முடிந்தால் சராசரியாக 12 நாள் ஆகத்தான் செய்யும். ஆட்களை விரட்டிப் பயனில்லை, நிலுவை குறைய வேண்டும். அதற்கு, திருப்பி அனுப்பப்படும் கோரிக்கைகளைத் தனியாக எண்ணுங்கள், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். படிவத்தில் ஒரு விவரம் விடுபட்டு அதே கோரிக்கை இரண்டு முறை சுற்றி வருவது நிலுவையைச் சத்தமில்லாமல் ஏற்றிவிடும். சிறு தொகைகளுக்கு ஒரே ஒப்புதல் போதுமா என்றும் கேட்டுப் பாருங்கள். ஒப்புதலை வேகமாக்க மென்பொருள் வாங்கும் எண்ணம் இருந்தால், இவற்றை முடிக்கும்வரை அதைத் தள்ளிப்போடுங்கள்.