ஈவென்ட் ஹேண்ட்லர் டைம்அவுட்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: எங்கள் ஓஎஸ்ஜிஐ (ஜாவா அப்ளிகேஷனைப் பண்டில் என்னும் தனித்தனித் துண்டுகளாகக் கட்டும் முறை) அப்ளிகேஷனில், ஈவென்ட் வந்ததும் வேலை செய்யும் ஒரு ஹேண்ட்லர் காலையில் ஒழுங்காக ஓடுகிறது. மதியத்துக்கு மேல் அதற்கு ஒரு ஈவென்ட்கூட வருவதில்லை. எக்ஸெப்ஷனும் இல்லை. ஈவென்ட்களை ஹேண்ட்லர்களிடம் சேர்க்க அப்பாச்சி ஃபெலிக்ஸின் ஈவென்ட் அட்மின்தான் வைத்திருக்கிறோம்.

பதில்: லாகில் "டியூ டு டைம்அவுட்" என்று தேடுங்கள், அகப்படும். 5000 மில்லிசெகண்டுக்குள் வேலையை முடிக்காத ஹேண்ட்லரை ஃபெலிக்ஸ் ஒதுக்கிவைத்துவிடும். ஒரே ஒரு முறை தாமதித்தாலும் போதும், இரண்டாம் வாய்ப்பு கிடையாது. அந்த ஹேண்ட்லரின் சர்வீஸ் மறுபடி ரிஜிஸ்டர் ஆகும்வரை அதற்கு ஈவென்ட் போகாது. பண்டிலை ரீஸ்டார்ட் செய்ததும் "சரியாகிவிட்டது" என்று பலர் நிம்மதி அடைவது இதனால்தான். அடுத்த தாமதத்தில் கதை மறுபடி தொடங்கும்.

கேள்வி: ஐந்து செகண்ட் ஆனதும் ஓடிக்கொண்டிருக்கும் வேலை நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. ஹேண்ட்லரை ஓட்டும் த்ரெட் அதன் பாட்டுக்கு ஓடி முடிக்கும். வேலை முடிந்திருக்கிறது, ஆனால் ஹேண்ட்லர் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற விசித்திரம் இங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: நேரத்தை எங்கே மாற்றுவது?

பதில்: 'ஆர்க்.அப்பாச்சி.ஃபெலிக்ஸ்.ஈவென்ட்அட்மின்.டைம்அவுட்' என்ற ப்ராப்பர்ட்டியில். ஃப்ரேம்வொர்க் ப்ராப்பர்ட்டியாகவும் தரலாம், கான்ஃபிகரேஷன் அட்மின் வழியாகவும் தரலாம். இரண்டிலும் இருந்தால் பின்னதே செல்லும். மதிப்பு மில்லிசெகண்டில்; 100-க்குக் குறைவாகக் கொடுத்தால் டைம்அவுட்டே அணைந்துவிடும். 60 செகண்ட் என்று நினைத்து வெறும் 60 என்று எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்!

கேள்வி: ஒரே ஒரு ஹேண்ட்லருக்கு மட்டும் விலக்கு தர முடியுமா?

பதில்: முடியும், எல்லோருக்குமாக நேரத்தைக் கூட்டுவதைவிட இது மேல். அதே பெயரின் கடைசியில் 'டைம்அவுட்'டுக்குப் பதில் 'இக்னோர்டைம்அவுட்' என்று போட்டு, கிளாஸின் முழுப் பெயரைக் கொடுங்கள். பேக்கேஜ் பெயர் புள்ளியில் முடிந்தால் அந்தப் பேக்கேஜ் மட்டும்; நட்சத்திரக் குறியில் முடிந்தால் உள்ளிருக்கும் பேக்கேஜ்களும் சேரும்.

கேள்வி: ஈவென்ட்டை அனுப்பும் 'போஸ்ட்ஈவென்ட்' மெத்தட் அசிங்க்ரனஸ்தானே? டைம்அவுட் எதற்கு?

பதில்: அனுப்புகிறவர் காத்திருப்பதில்லை, அவ்வளவுதான். ஹேண்ட்லரை இயக்கும் த்ரெட் பூலின் (தயாராக வைத்திருக்கும் த்ரெட்களின் தொகுப்பு) அளவு இயல்பாக 20. மெதுவான ஹேண்ட்லர் அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் அங்கேயும் அதே கணக்குத்தான்.

கேள்வி: என் ஹேண்ட்லர் ஒரு வெளி சர்வரை அழைக்கிறது, சில நாள் பத்து செகண்ட் ஆகிறது. விலக்குப் பட்டியலில் போட்டுவிடட்டுமா?

பதில்: வேண்டாம். 'ஹேண்டில்ஈவென்ட்' மெத்தடில் தேவையான தகவலை எடுத்து உங்கள் சொந்த எக்ஸிக்யூட்டரிடம் (வேலைகளை க்யூவில் வாங்கித் தன் த்ரெட்டில் ஓட்டுவது) கொடுத்துவிட்டு உடனே திரும்புங்கள். வரிசை முக்கியமென்றால் ஒற்றைத் த்ரெட் எக்ஸிக்யூட்டர். க்யூவுக்கு ஒரு வரம்பு வையுங்கள், இல்லையென்றால் ஒருநாள் மெமரி நிரம்பும். ஹேண்ட்லர் டீஆக்டிவேட் ஆகும்போது எக்ஸிக்யூட்டரை மூடுவதையும் மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்து, பழைய பண்டிலின் த்ரெட்டைத் தேடி ஒரு ராத்திரி போயிற்று.