வாசகர் கேள்வி: வீட்டை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

கேள்வி: 1990 ஒக்டோபரில் இலங்கையின் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருந்த எங்கள் வீட்டைப் பற்றி எழுத ஆசை. ஞாபகத்தில் இருப்பதோ ஒரு திண்ணையும் பச்சை ஜன்னலும் மட்டும்தான். கதை என்று எதுவும் இல்லை. இதை வைத்து எழுத முடியுமா?
— வாசகி, புத்தளம்

பதில்: முடியும், சகோதரி. ஆனால் எழுதுவதற்கு முன் அந்த வீட்டை வரையுங்கள்.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அதன் தலைப்பிலேயே ‘தோம்பு’ என்ற சொல் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களிடம், விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை அவரவர் கையாலேயே கீறித் தரும்படி கேட்டார். அந்தக் கோணல் கோடுகளைக் கட்டடக் கலைஞர் ஒருவர் முறையான வரைபடமாக்கினார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓவியர் தம் சித்திரத்தையும் சேர்த்தார்.

அதைப் பார்த்த இரவே நானும் அம்மாவும் ஆளுக்கொரு தாள் எடுத்தோம். 1995 ஒக்டோபர் 30 அன்று, உங்கள் தெரு வெறிச்சோடிச் சரியாக ஐந்து வருடம் கழித்து, போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்தை விட்டு மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள் நாங்கள். நீங்கள் போனபோது தமிழர்களான நாங்கள் வாய் திறக்கவில்லை. அதைச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் படலையில் தொடங்கினேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே ஓடிய பையனுக்கு வீடு அங்கேதான் தொடங்கும். அம்மா கிணற்றடியில் தொடங்கினார். உடுப்புத் தோய்க்கும் கல், வாழைக்குப் போகும் வாய்க்கால், பிறகு குசினி. குசினிக் கதவுக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. "கதவு உள்ளே திறக்குமா, வெளியே திறக்குமா?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அம்மாவின் வலது கை காற்றில் இரண்டு முறை தள்ளிப் பார்த்தது. உள்ளேதான் என்றார். கதவுக்குப் பின்னால் சுளகு தொங்கும், அதனால் முழுக்கத் திறக்காதாம். அந்தச் சுளகு யார் கொடுத்தது என்று சொல்லத் தொடங்கியவர் விடியும்வரை நிறுத்தவில்லை. ஊரைப் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரை அந்தச் சுளகைப் பற்றியதுதான்.

நீங்கள் பச்சை ஜன்னலில் தொடங்குங்கள். கோடு நின்றுபோகும் இடத்தில் உம்மாவையோ ராத்தாவையோ கேளுங்கள். அவர்களுக்குத் தனித் தாள் கொடுங்கள்; உங்கள் படத்தை முதலில் காட்டிவிடாதீர்கள். அந்த ஜன்னலைத் திறந்தால் யாருடைய முற்றம் தெரிந்தது என்பதையும் எழுதி எனக்கு அனுப்புங்கள்.