உபுத்தில் பூத்தட்டை மிதித்தவருக்கு
இந்தோனேசியாவின் பாலித் தீவில் உள்ள உபுத் ஊரில், விடுதி வாசலில் பூத்தட்டைத் தெரியாமல் மிதித்துவிட்டதாகவும், தெய்வக் குற்றமோ என்று தூக்கம் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கவலை வேண்டாம். அது சானாங் சாரி, பாலி இந்துக்கள் தினமும் வைக்கும் படையல். ஊதுபத்தி எரிந்து முடிந்தால் படையலின் சாரம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பார்கள். மிச்சத்தை நாயும் கோழியும் கிளறும். பத்தி புகைந்துகொண்டிருந்தால் மட்டும் தாண்டாமல் சுற்றிப் போங்கள். வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு 'மாஆஃப்' சொல்லுங்கள், மன்னிப்புக்கு அதுதான் அங்கே சொல்.

அப்புறம், அடுத்த தட்டைக் குனிந்து பாருங்கள். குருத்தோலையை மடித்துத் தைத்த சின்னத் தட்டு; கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலமோ பச்சையோ. பூவுக்கு அடியில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு! நம் வீட்டுத் தாம்பூலம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.